கோப்பைக்கு வெளியே ஐந்து

நான் கோப்பையில் போட்டது பத்து சுவர்க்கோழிப் பூச்சி. இரண்டை மிளகாய் தின்றது. மூன்றை நான் செருப்பால் அடித்துக் கொன்றேன். மீதி ஐந்தும் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஜின்தே மருத்துவமனையிலிருந்து திரும்பி, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "சாப்பிட்டானா?" என்று கேட்டபோது, "பத்தையும் முழுங்கிட்டான்" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஜின்தே என் கணவன். மிளகாய் எங்கள் வீட்டுப் பச்சோந்தி. குடமிளகாய் நிறம், தலையில் உயரமான கொண்டை, சம்பந்தி வீட்டு விருந்தில் மரியாதை கிடைக்காதவர் போல எந்நேரமும் ஒரு முகம். மேல்மாடியில் வாடகைக்கு இருந்த நர்ஸ் பெண் தைப்பேய்க்கு வேலை மாறிப் போனபோது, "ஒரே வாரம் ஆன்ட்டி, வந்து தூக்கிட்டுப் போயிடறேன்" என்று கூண்டோடு கொண்டுவந்து வைத்தாள். அந்த ஒரு வாரம் பதினான்கு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்போது ஜின்தே படுக்கையில் இருந்தான். இருபத்தாறு வருடம் இந்தத் தைனான் நகரத்தில் லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றுவிடாமல் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து ஏற்றியவன். ஒருநாள் நான்காவது மாடிப் படியில் முதுகு பிடித்துக்கொண்டது. அறுவை சிகிச்சை நடந்தது. எலும்பெல்லாம் சரியாகிவிட்டது, எழுந்து நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இவன் எழவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன் ஏழு மாதம் அப்படியே கிடந்தான். கெஞ்சினேன், கத்தினேன், கோயிலில் வேண்டிக்கொண்டேன், விடியற்காலையில் போய்ப் பால்கெண்டை மீன் கஞ்சி வாங்கிவந்து வாயருகே நீட்டினேன். எனக்கு முதுகைத்தான் காட்டினான். அந்த முதுகில் இருக்கும் தையல் தழும்பை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன்.

கூண்டு வந்த மூன்றாம் நாள், வலையைக் காலால் பிராண்டிக்கொண்டே இருந்த அந்தப் பிராணியைப் பார்க்க அவன் தானாக எழுந்து வந்தான். "இது தண்ணி குடிக்குதா?" என்று கேட்டான். ஏழு மாதத்தில் அவனாகக் கேட்ட முதல் கேள்வி. அது ஒரு பல்லியைப் பற்றியதாக இருந்ததே என்று எனக்குக் கோபம் வந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு, "எனக்கென்ன தெரியும், நீயே பாரு" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன புத்திசாலித்தனமான வாக்கியம் அதுதான்.

ஒரே மாதத்தில் கூண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டது. வலைக்குள் அது வட்டம் சுற்றுவதை ஜின்தேயால் பார்க்க முடியவில்லை. கூடத்து ஜன்னலோரம் பெரிய தொட்டியில் கிளை நிறைந்த செடி ஒன்றை வைத்தான். மேலே வெயில் விளக்கு. கிளைக்குக் கிளை கயிறு. மிளகாய் அதில் குடியேறியது. கதவு இல்லை, வலை இல்லை. அது கீழே இறங்கி எங்கும் போகவும் இல்லை. காலை ஆறு மணிக்கு இவன் எழுந்து இலைகளில் தண்ணீர் தெளிப்பான், தீனிக்கு வளர்க்கும் பூச்சிகளுக்குக் காரட் நறுக்குவான், விளக்கைப் போடுவான். அந்த ஆறு மணி இல்லையென்றால் இவன் இல்லை. இது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், இருவரும் பேசிக்கொண்டதில்லை.

இப்படித் திறந்தவெளியில் வளரும் பச்சோந்திக்குத் தீனி வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அதற்கு அசைகிற பூச்சிதான் வேண்டும். செடியில் விட்டால் பூச்சி வீடு முழுக்க ஓடிவிடும். அதனால் தேநீர்க் கடையின் பிளாஸ்டிக் கோப்பையைக் கிளையில் கட்டி அதற்குள் போடுவான். உட்புறம் வழுக்கும், பூச்சியால் ஏற முடியாது. மிளகாய் மேலிருந்து எட்டிப் பார்த்து நாக்கால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். அதற்கு ஜின்தே போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: கோப்பைக்குள் இருக்கும் எதுவும் விளிம்பைத் தொடக் கூடாது.

திங்கட்கிழமை அவனுக்கு மருத்துவமனையில் முதுகுப் பயிற்சி. "இன்னிக்கு நீ தீனி போடு லிசூ" என்று முதல்முறையாக என்னிடம் விட்டுவிட்டுப் போனான். பூச்சி என்றாலே எனக்கு ஆகாது. மூக்கைச் சுளித்துக்கொண்டு பத்தை எண்ணிப் போட்டேன். போட்ட பிறகு, சாகப்போகிற ஜீவன்கள் வெறும் பிளாஸ்டிக்கில் உட்கார்ந்திருக்கின்றனவே என்று மனசு கேட்கவில்லை. மதியச் சமையலுக்கு ஆய்ந்து வைத்திருந்த சர்க்கரைவள்ளிக் கீரையில் நல்ல நீளக் காம்பாக ஒன்றை எடுத்து உள்ளே நட்டுவைத்தேன். மிளகாய் இரண்டை நாக்கால் எடுத்ததைப் பார்த்தேன். தங்கையோடு கால் மணி நேரம் போனில் பேசிவிட்டு வந்து பார்த்தால் கோப்பை காலி. நான் வைத்தது இலை இல்லை, ஏணி.

செருப்போடு ஓடினேன். மூன்றைத்தான் பிடிக்க முடிந்தது. பதினான்கு மாதத்தில் முதல்முறையாக அவன் நம்பிக் கொடுத்த வேலை. அதனால்தான் பொய் சொன்னேன். வேறு காரணம் இல்லை.

அன்று மாலையே எங்கள் வட்டத் தலைவி ஷூஃபென் அக்கா ஸ்கூட்டரில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு சந்து சந்தாக வந்தாள். "மூணாவது சந்துல ஒருத்தருக்கு டெங்கு! நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு எல்லா வீட்டுக்குள்ளயும் மருந்து அடிக்கிறாங்க! பாத்திரத்தை மூடி வைங்க, நாய் பூனை மீன் எல்லாத்தையும் வெளிய கொண்டு போயிடுங்க! ஜின்தே! ஒன் டைனோசரையும்தான் சொல்றேன்!"

தெருவே சிரித்தது. ஜின்தே சிரிக்கவில்லை. மருந்து பட்ட பூச்சி ஒன்றைத் தின்றாலே மிளகாய் போன்ற பச்சோந்திகள் நடுக்கம் கண்டு மறுநாளே செத்துவிடும் என்று எங்கோ படித்திருந்தான். அன்றே பக்கத்து வீட்டுக்காரரின் சிறிய லாரியை இரவல் கேட்டு, செடி, கயிறு, விளக்கு, மிளகாய் எல்லாவற்றையும் ஆன்பிங்கில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். கூடவே அவனும் தங்கிக்கொண்டான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நிம்மதி என்று நினைத்தேன். மருந்து அடித்தால் அந்த ஐந்தும் சாகும், பெருக்கித் தள்ளிவிடலாம், பொய் பொய்யாகவே மூடிப்போகும் என்று கணக்குப் போட்டேன். மருந்து அடிக்க வந்த ஆட்களுக்குக் குளிர்ந்த பார்லித் தேநீர்கூடக் கொடுத்தேன்.

புதன்கிழமை ஜின்தே வந்தான். இருவருமாகத் தரையை மூன்று முறை துடைத்தோம். சுவரை எட்டிய மட்டும் துடைத்தான். ஜன்னல் கம்பியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். சோபாவுக்கு அடியில் மல்லாந்து கிடந்த ஒரு சுவர்க்கோழியை அவன் பார்ப்பதற்குள் எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். நான்கு பாக்கி. எங்காவது இடுக்கில் செத்துக் கிடக்கும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மிளகாய் வீடு திரும்பியது. ஆன்பிங்கில் இரண்டு நாளும் அது வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை தின்ற இரண்டோடு சரி. ஜின்தே செடியை ஜன்னலோரம் வைத்து, கயிறுகளைக் கட்டி, விளக்கைப் போட்டு, முக்காலியை இழுத்துப்போட்டுச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

நான் சமையலறையில் இஞ்சி தோல் சீவிக்கொண்டிருந்தேன். அப்போது குளிர்பதனப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு சுவர்க்கோழி வெளியே வந்தது.

செத்திருக்க வேண்டியது சாகாமல் வந்திருந்தது. பின்னங்கால் ஒன்றை இழுத்துக்கொண்டு, இரண்டடி வைத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்து, குடித்துவிட்டு வீடு திரும்பும் ஆள் போல வெளிச்சத்தைப் பார்த்து நடந்தது. ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. உடம்பு முழுக்க மருந்தோடு, சாவதற்குள் மெல்ல மெல்ல அசைந்துகொண்டு கூடத்துப் பக்கம் போகிறது. அசைவதைத்தான் மிளகாய் தின்னும். மெல்ல அசைவது என்றால் இன்னும் வசதி. இவை செத்துத் தொலைந்துவிடும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல? இந்த வீட்டில் மூன்று நாளாகத் தீனி நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது.

அதை மிதித்துக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டேன். மூன்று பாக்கி. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

"பாரு லிசூ, கலர் திரும்பிடுச்சு" என்றான் ஜின்தே. "அங்க ரெண்டு நாளா கரி மாதிரி இருந்தான்."

"அவனுக்குத் தீனி போடு" என்றேன்.

"இப்ப வேணாம். மொதல்ல தண்ணி குடிக்கட்டும்."

"மூணு நாளாப் பட்டினி கெடக்கிறான். இப்பவே போடு. வயிறு நெறையப் போடு."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஒனக்கென்ன திடீர்ப் பாசம்? நேத்து வரைக்கும் பல்லி பல்லின்னுதானே சொல்லிக்கிட்டிருந்தே?"

"பல்லிக்கும் பசிக்காதா?"

"சரி சரி, கொஞ்சம் பொறு. துடைப்பத்தக் கீழ போடு முதல்ல. இந்தத் தரையை இன்னும் ஒரு தடவ பெருக்கினா கீழ் வீட்டுக்காரன் தலை தெரியும்."

சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். மூன்று நாள் அலைச்சலுக்குப் பிறகு அந்த முகத்தில் ஓர் அமைதி இருந்தது. மூன்று பூச்சிதானே, ஐந்து நிமிடத்தில் தேடி எடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று மறுபடியும் கோழைத்தனம்தான் ஜெயித்தது. சோபாவைத் தள்ளினேன். காலணி அலமாரிக்குப் பின்னால் குனிந்தேன். எங்கும் இல்லை.

நிமிர்ந்தபோது மிளகாயின் கண்கள் தெரிந்தன. அந்தக் கண்கள் இரண்டும் தனித்தனி ஆட்கள். ஒன்று விளக்கைப் பார்க்கும்போது இன்னொன்று கதவைப் பார்க்கும். ஒன்று ஜின்தேயைப் பார்த்தால் இன்னொன்று அவனைச் சட்டை செய்யாது. இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்த்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அங்கே தீனி இருக்கிறது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வீட்டில் என்னைவிட நன்றாகப் பூச்சி தேடத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் பார்க்கும் இடத்துக்கு அவருக்கு முன்னால் நான் போய்ச் சேர வேண்டும்.

கண்கள் சுழன்றன. வலது கண் என்மேல் வந்து, சலித்துப்போய் நகர்ந்தது. இடது கண் கூரைக்குப் போய் இறங்கியது. பிறகு இரண்டும் ஒன்றாக ஜன்னல் திரைப் பக்கம் திரும்பி நின்றன. மிளகாய் முன்னங்காலைத் தூக்கி, காற்றில் ஆட்டி ஆட்டி, கயிற்றில் ஓர் அடி எடுத்து வைத்தது.

திரையின் ஓரத் தையலில் அது தொங்கிக்கொண்டிருந்தது. நான் திரையைச் சரிசெய்வது போலப் போய்க் காகிதத்தோடு பொத்திப் பிடித்தேன். விரலுக்கடியில் அது துடித்தது. உடம்பே கூசியது.

"என்னது?" என்றான் ஜின்தே.

"நூல் பிரிஞ்சிருக்கு."

"நூலுக்கு எதுக்கு அந்த மூஞ்சி?"

சமையலறைக்கு ஓடினேன். நசுக்கிப் போட்டுவிட்டுச் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன். இரண்டு பாக்கி. இரண்டே இரண்டு. திரும்பி வந்தபோது ஜின்தே புதுப் பூச்சிகளைக் கோப்பையில் போட்டுக் கிளையில் கட்டி முடித்திருந்தான். சுத்தமான, துள்ளுகிற, நல்ல பூச்சிகள். தின்னேன், அதைத் தின்று தொலையேன் என்று மனசுக்குள் கும்பிட்டேன். மிளகாய் கோப்பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"லிசூ" என்றான் ஜின்தே மிக மெதுவாக. "அங்கயே நில்லு. அசையாதே."

நின்றேன்.

"என்னப் பாக்குறான்."

முக்காலியில் அவன் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தான். முகத்துக்கும் கிளைக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. மிளகாய் கிளை நுனிக்கு வந்து, உடம்பை முன்னால் நீட்டி, இரண்டு கண்களையும் அவன் பக்கம் குவித்து வைத்திருந்தது.

"ரெண்டு கண்ணாலயும் பாக்குறான். பதினாலு மாசத்துல ஒரு நாள்கூட இப்பிடிப் பாத்ததில்ல." உதடு மட்டும் அசைந்தது. "அந்த வேத்து வீட்ல ரெண்டு நாள் நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்ல. தெரிஞ்சுக்கிட்டான் லிசூ. நான் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டான்."

அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்தன்று பார்த்ததில்லை. மகன் பிறந்தபோதும் இல்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றதில்தான் எனக்கு அது கண்ணில் படத் தாமதமானது. அவன் இடது தோளில், சட்டைக் கழுத்துக்குப் பக்கத்தில், இத்தனை வருடம் சிலிண்டர் உட்கார்ந்து காய்த்துப்போன அந்த மேட்டில், ஒரு சுவர்க்கோழி சாய்ந்து சாய்ந்து ஏறிக்கொண்டிருந்தது.

கத்தினால் அவன் திரும்புவான். அவன் திரும்பினால் பூச்சி நகரும். பூச்சி நகர்ந்தால் நாக்கு பாயும். மிளகாயின் வாய் லேசாகப் பிளந்தது. உள்ளே ரோஜா நிறத்தில் நாக்கின் நுனி தெரிந்தது. இன்னும் ஒரு நிமிடம் அவனை அப்படியே விட்டுவைக்க எனக்கு ஆசையாக இருந்தது. அவனுக்காகத்தான் அந்த ஆசை. அந்த ஒரு நிமிடம் என்னிடம் இல்லை.

பாய்ந்தேன். ஓங்கி அவன் தோளில் ஓர் அறை விட்டேன். அதே நொடியில் என் புறங்கையில் ஈரமாக, சூடில்லாமல், ஒட்டிக்கொள்கிற மாதிரி எதுவோ வந்து மோதியது. இழுத்தது. விட்டது.

மிளகாய் புஸ்ஸென்று சீறி, உடம்பெல்லாம் கறுத்து, கிளையின் பின்புறம் போய் ஒளிந்துகொண்டது. ஜின்தே முக்காலியோடு சரிந்து சுவரைப் பிடித்துக்கொண்டான். முதுகு சுண்டி இழுத்திருக்க வேண்டும், முகம் வெளுத்துவிட்டது.

"பைத்தியமா பிடிச்சிருக்கு ஒனக்கு? ஒரு வருஷமா இதுக்குத்தானடி காத்துக்கிட்டிருந்தேன்! அது ஒனக்குப் பொறுக்கலையா?"

நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். நசுங்கிக் கிடந்ததை அவன் பார்த்தான். கோப்பையைப் பார்த்தான். அதிலிருந்து எதுவும் வெளியே வந்திருக்கவில்லை.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"திங்கக்கெழமது" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. கீரை, விளிம்பு, செருப்பு, ஏப்ரன் பை, குளிர்பதனப் பெட்டி, திரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவன் சுவரைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பத்தையும் முழுங்கிட்டான்னு சொன்னே."

"சொன்னேன்."

"இன்னும் எத்தன வெளிய இருக்கு?"

"ஒண்ணு."

அவன் கண் செடித் தொட்டிக்குப் போனது. "நீ இப்ப உள்ள போனேல்ல" என்றான். ஒவ்வொரு சொல்லாக வந்தது. "அப்ப தொட்டி விளிம்புல எதையோ டப்புன்னு அடிச்சுத் தின்னான். சின்னதா கறுப்பா இருந்துது. ஈன்னு நெனச்சேன். சாப்பிட ஆரமிச்சுட்டானேன்னு சந்தோஷப்பட்டேன்."

மிளகாயைத் துணிக்கூடையில் போட்டு மேலே துண்டைக் கட்டினான். நான் ஸ்கூட்டரை எடுத்தேன். முதுகு வலியோடு பின்னால் உட்கார்ந்து கூடையை மடியில் அணைத்துக்கொண்டான். ஒவ்வொரு சிக்னலிலும், "நடுங்குதா?" என்று கேட்டேன். "ரோட்டப் பாத்து ஓட்டு" என்பதுதான் பதில். மூன்றாவது சிக்னலுக்கு அப்புறம் கேட்கவில்லை.

பச்சோந்தி, ஆமை எல்லாம் பார்க்கிற டாக்டர் ஒரு சின்னப் பெண். கேள்விகளை அடுக்கினாள். என்னைக்கு மருந்து அடித்தார்கள், தின்று எவ்வளவு நேரம் ஆகிறது, நடுக்கம் உண்டா. கடைசியில், "வீட்ல தீனி வைக்கிறது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றான் ஜின்தே. "கப்புல எல வச்சது நான்தான். கவனிக்கல."

எனக்குச் சுரீர் என்றது. வீட்டில் உண்மை தெரிந்த பிறகு ஒரு சொல் திட்டாதவன், இங்கே ஊரார் முன்னால் என் தப்பை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். "இல்ல டாக்டர்" என்றேன். "வச்சது நான். பொய் சொன்னதும் நான். இவருக்கு முக்கா மணி நேரத்துக்கு முன்னாடிதான் தெரியும்." டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நாற்பது நிமிடம். காத்திருக்கும் இடத்தில் ஒரு மீன் தொட்டி குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஜின்தே முழங்காலில் கைகளை வைத்துத் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அது செத்தால் நாளைக் காலை ஆறு மணி எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்தேன். விளக்குப் போட வேண்டாம், தண்ணீர் தெளிக்க வேண்டாம், காரட் நறுக்க வேண்டாம். சுவர் மட்டும் இருக்கும். அவன் கையைத் தொடப் போனேன், தொடவில்லை.

கதவு திறந்தது. டாக்டர் வெள்ளைக் காகிதம் ஒன்றை நீட்டினாள். அதில் கறுப்பாக, பொடிப்பொடியாக எதுவோ கிடந்தது. இடுக்கியால் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள்.

"வயித்தக் கழுவினோம். இந்த ரெக்கையப் பாத்தீங்களா? ஈதான் இது. சுவர்க்கோழி இல்ல."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மீன் தொட்டி, நோயாளி ஆமை, பக்கத்து நாற்காலிக்காரர் என்று யாரையும் பார்க்கவில்லை.

"ஈயும் மருந்து அடிச்ச வீட்டு ஈதானே, அதனால இன்னிக்கு இங்கயே வச்சுப் பாக்கறோம்" என்றாள் டாக்டர். "நடுக்கம் இல்ல, பிடி நல்லா இருக்கு. காலைல வந்து கூட்டிட்டுப் போங்க. ஆனா அந்தக் கடைசிப் பூச்சி வீட்லதான் எங்கயோ இருக்கு. அதக் கண்டுபிடிக்காம வராதீங்க."

வீட்டுக்கு வந்து தேடத் தொடங்கினோம். இப்போது பார்த்துச் சொல்ல அந்தக் கண்கள் இல்லை. சோபாவைப் புரட்டினேன். மின்விசிறியின் அடிப்பாகத்தைக் கழற்றினேன். ஒவ்வொரு செருப்பாகத் தட்டிப் பார்த்தேன். ஜின்தே சுவரைப் பிடித்து, மண்டியிட்டு, பிறகு மெல்லத் தரையில் குப்புறப் படுத்தே விட்டான். டிவி மேசைக்கு அடியில் டார்ச் அடித்து, சாப்பிடும் குச்சி ஒன்றை உள்ளே நீட்டினான்.

"இருக்கு" என்றான்.

குச்சியால் தள்ளி வெளியே கொண்டுவந்தான். மல்லாந்து கிடந்தது. ஒரே ஒரு கால் மட்டும் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. காகிதத்தை நான் நீட்ட, அவனே அழுத்தி மடித்தான்.

"பத்து" என்றேன்.

அவன் எழவில்லை. டார்ச்சை அணைத்தான். மெல்லப் புரண்டு, எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். சட்டை மேலே ஏறி அந்தத் தையல் தழும்பு தெரிந்தது. மடித்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"லிசூ" என்றான் சுவரைப் பார்த்தபடி. "அப்ப அது என்னப் பாக்கல."

இல்லை, உன்னையும்தான் பார்த்தது என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். சொன்னால் நம்பியிருப்பான். நம்ப ஆசைப்பட்டுத்தான் கேட்டான். இந்த ஒரு பொய்யில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்றுகூடத் தோன்றியது. திங்கட்கிழமையும் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

"இல்ல" என்றேன். "அது பூச்சியத்தான் பாத்துச்சு. ஒன்னப் பாத்துக்கிட்டிருந்தது நான்."

அவன் முதுகு ஏறி இறங்கியது. சிரித்தானா, அழுதானா என்று அங்கிருந்து தெரியவில்லை. பிறகு ஒரு கை மட்டும் பின்னால் நீண்டு வந்து காற்றில் என்னைத் தேடியது.

"கையக் குடு. இங்கேருந்து தனியா எந்திரிக்க முடியாது."

காகிதத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் கொடுத்தேன்.